உயர்தர வகுப்பில் திரைப்படக் கல்வி

க.பொ.த. உயர்தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ தனிப்பாடமாயிற்று. திரைப்படம் அத்தகுதியை எய்தவில்லை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மாணவர் மேடையினும் திரையையே மிகுதியாக அறிவர் என்பது வேறு விடயம். இதனைப் படித்தோரின் இரசனை வெறுப்பாக மட்டும் விளக்குதல் போதாது. கூத்துக்குப் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் புலமைத் தகுதி தேடித்தந்தார். திரைப்படமோ நம்மிடையே இறக்குமதிப் பண்டமாகவே வழங்கியது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கும்வரை சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிட்டெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களே விநியோகத்தை ஆண்டன. சிங்களப் படமும் 1947இல் தென்னிந்தியக் கலையகத்திலேயே பிறந்தது. ஆயின் 1956இல் ‘ரேகாவ’ கலையகத்தை விட்டு வெளியேறிக் கிராமத்துக்குச் சென்றது. தமிழில் ‘குத்துவிளக்கு’ (1972), ‘பொன்மணி’ (1977) போன்றவை தனி முயற்சிகளாகவே நின்றன. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா கலையகமும் எரியூட்டப்பட்டது.

எனவே பாடத்திட்டம் வகுப்போர் சென்னைப் படங்களின் அழகியலோடு அமைந்துவிடலாகாது. படத்தைத் தருவித்தவர் யார், இலாபம் எவரைச் சேர்ந்தது என்பனவும் பாடமாக வேண்டும். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு சாதனமாக ஆராய்ந்த சிவத்தம்பியின் 1981ஆம் ஆண்டு நூல் இதற்கு வழிகாட்டும். முதற்பாடத்துக்குப் ‘பொன்மணி’ பொருந்தும்: யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் தமிழில் படமாக்கிய தர்மசேன பத்திராஜ ஒரு சிங்களக் கலைஞர்.