இலங்கையில் அடைக்கலம் பெற்ற யூத மூதாட்டி

இரண்டாம் உலகப்போர் என்றவுடன் திருக்கோணமலையார் நினைவுக்கு வருவது 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதியேயாம். அன்று காலை யப்பானிய விமானங்கள் கப்பல்துறையின்மீதும் சீனக்குடாவின்மீதும் குண்டு பொழிந்தன. எண்ணெய்க் குதமொன்றிற் பற்றிய தீ பல நாள் அணையவில்லை. பிரித்தானியக் கடற்படையின் தங்குதுறையாயிருந்தமையால் இத்துறைக்கு நேர்ந்த இடர் அது. அப்போர் இத்தீவிலே வேறொரு துயரையும் விளைத்தது. அது முதிய தாயொருத்தியையும் அவள்தன் ஒரே மகனையும் பற்றியது. குண்டொலி எதுவுமின்றி நிகழ்ந்தமையால் வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

1933ஆம் ஆண்டில் ஹிட்லர் யேர்மனியில் ஆட்சியைக் கைப்பற்றியபின் அந்நாட்டு யூதர் படிப்படியாகத் தொழிலையும் குடியுரிமையையும் உடைமையையும் இழந்தனர். நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டோர் வரியென்றும் கட்டணமென்றும் தம் பொருளையெல்லாம் பறிகொடுத்து, பத்து மார்க் பணத்தை மாத்திரமே கையோடு கொண்டுசெல்லலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இளைஞரும் தொழில் வல்லோரும் எவ்வாறேனும் ஒரு நாட்டிற் புகுந்தனர். முதியோர் நிலையோ வேறு. உழைத்துண்ண இயலாதவரைத் தம் நாட்டுக்குச் சுமையாவர் என்று அஞ்சி அரசுகள் வாயிலை அடைத்தன. 1938ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எவியான் நகரிற் கூடிய முப்பத்திரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் இரக்கச் சொற்களைத் தாராளமாக வழங்கினரேயன்றி இடம் வழங்க முன்வந்தோர் மிகச் சிலரே. ஆகவே, பின்தங்கியவருட் பெரும்பாலார் நடுவயது கடந்தோரும் முதியோரும் ஆயினர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி.

அம்முதியோருக்கு இழைக்கப்பட்ட வஞ்சனை நினைக்குந்தோறும் நெஞ்சை நடுக்குவது. செக் நாட்டிலுள்ள தெரேசியன்ஸ்டாட் என்னும் ஊரில் வாழ்நாள் முழுதும் உணவும் உறையுளும் மருத்துவமும் கிடைக்குமென உறுதிகூறி, எஞ்சிய பொருளை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் அவர்களிடம் ஒப்பம் வாங்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் அங்கு கொண்டுசெல்லப்பட்டவர்கள் கண்டது முதியோர் இல்லமன்று. பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். ஏனையோரிற் பலர் கிழக்கேயுள்ள கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். அறத்தின் பெயரைச் சொல்லிச் செய்யப்பட்ட கொலை இது.

இந்நிலையில் இலங்கைக்கு வந்து பிழைத்தவர் சோபி பெனிகர் அம்மையார். இவர்தம் மகன் சிக்மண்ட் பெனிகர் 1901ஆம் ஆண்டில் யேர்மனியின் ஹானோ நகரிற் பிறந்தவர். தந்தையார் காலணிக் கடையொன்றை நடத்தியவர். 1932ஆம் ஆண்டிற் காலமானார். மகன் இளமையிலேயே பௌத்த நூல்களிற் பற்றுக்கொண்டார். ஆயினும், தம்மினத்தார் துன்புற்ற வேளையில் அவர் ஒதுங்கியிருக்கவில்லை. 1933 முதல் 1935 வரை, யேர்மன் யூதரின் உதவிக்கும் தற்காப்புக்குமாக அமைந்த மத்திய குழுவிற் பணிபுரிந்தார். 1935ஆம் ஆண்டில் அன்னையாரை உறவினர் வாழ்ந்த வியன்னாவுக்கு அழைத்துச் சென்று, அங்கு அவர் பாதுகாப்புடன் இருப்பாரென்று நம்பியே மறு வருடம் இலங்கைக்குக் கப்பலேறினார். தொடந்துவையிலுள்ள தீவுத் துறவிமடத்தில், யேர்மனியரான ஞானதிலோக்க தேரரிடம் துறவு பூண்டு ஞானபொனிக்க என்னும் பெயர் பெற்றார்.

அந்நம்பிக்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படை வியன்னாவிற் புகுந்தது. அன்னையைக் காக்கவேண்டிய மகனோ உடைமையெதுவுமில்லாத பிக்கு. இந்த இக்கட்டிலே துணைநின்றவர் ஏர்னஸ்ட் டி சில்வா. 1939ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை வங்கியின் முதற்றலைவர் இவரே. பெருஞ்செல்வர், தபால்தலை சேகரிப்பிலும் பெயர்பெற்றவர். அவருடைய வள்ளன்மையாலும் அரசாங்கத்தின் இசைவாலும் சோபி அம்மையாரும் உறவினர் சிலரும் 1939ஆம் ஆண்டில் இலங்கையை வந்தடைந்தனர். கடவுச்சீட்டிற் பொறிக்கப்படும் ஒரு முத்திரையே அக்காலத்தில் உயிருக்கும் சாவுக்கும் இடையேயிருந்த வேலி. அம்முத்திரையின் பின்னே, இவரை ஆதரிக்க ஒருவர் உளர் என்னும் உறுதி வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இவ்வழியே அறஞ் செய்யப்பட்டது. 1934ஆம் ஆண்டிற் பம்பாயில் யூத நிவாரணச் சங்கம் தோன்றியது. அகதிகள் பொதுப்பணத்துக்குச் சுமையாகாரென அச்சங்கம் பொறுப்பேற்றபின்னரே பலருக்கு இந்தியாவிற் புக அனுமதி கிட்டியது. அங்கே தம்மினத்தாருக்காகத் தம்மினத்தார் பொறுப்பேற்றனர். இங்கோ, இனத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட சிங்கள பௌத்தர் ஒருவர் பொறுப்பேற்றார். இவ்வேறுபாடு சிறிதன்று.

தாயும் மகனும் ஒரே தீவில் இருக்கும் பேறு சில மாதங்களே நீடித்தது. போர் மூண்டதும் யேர்மன் நாட்டு ஆடவரைப் பகைநாட்டாரென்று பிரித்தானியர் சிறைப்படுத்தினர். ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்த யூதரென்றும், உலகைத் துறந்த பிக்குவென்றும் அவர்கள் வேறுபாடு காணவில்லை. ஞானபொனிக்க தேரர் முதலிலே தியத்தலாவை முகாமிலும், பின்னர் வட இந்தியாவிலுள்ள தேராதூன் முகாமிலும் அடைபட்டிருந்தார். எந்தப் பேரரசின் கொடி தாய்க்கு நிழலளித்ததோ அதே பேரரசின் முட்கம்பி மகனைச் சூழ்ந்தது. அவர் முட்கம்பிக்குள் இருந்தவாறே பாளி நூல்களை யேர்மன் மொழியிற் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டுகளில் அன்னையாரைப் பேணியது டி சில்வா குடும்பமே. அம்மையார் அவர்கள் சூழலிற் பௌத்த நெறியைத் தழுவி, உபோசத விரதங்களையும் கைக்கொண்டார். இது ஆதரவுக்கு ஈடாகக் கேட்கப்பட்ட விலையென ஐயுறுவோர் இருக்கலாம். ஆனால், மகன் நெடுநாள் முன்னரே சென்ற வழியில் தாய் பின்சென்றார் எனக் கொள்வதே பொருத்தமாகும். 1946ஆம் ஆண்டில் மகன் விடுதலையாகி மீண்டார்.

போருக்குப்பின் உலகநாடுகள் விழித்துக்கொண்ட கதை தனியொரு நூலாக விரியும். 1952ஆம் ஆண்டு செத்தெம்பர் 10ஆந் திகதி இலட்சம்பேர்க்கிற் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி மேற்கு யேர்மனி இஸ்ரவேலுக்கு 300 கோடி மார்க்கும், யூதர்க்கான ஈட்டுரிமைப் பேரவைக்கு 45 கோடி மார்க்கும் வழங்க ஒப்பியது. 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தனியாட்களுக்கான இழப்பீட்டுச் சட்டமும் நிறைவேறியது. எனினும், கிழக்கைரோப்பாவிலும் சோவியத்து நாட்டிலும் எஞ்சிய முதியோருக்கு அதன் பயன் எட்டவில்லை. அந்நாட்டு ஆட்சி குலைந்து ஓய்வூதியமும் மதிப்பிழந்தபின், 1990களிலேதான் அவர்கள் வீடுகளுக்கு உணவுப் பொதியும் மருந்தும் குளிர்கால எரிபொருளும் சென்றன. 1914ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தொடங்கிய யூத கூட்டு நிவாரணக் குழு, இப்பணிக்கென நகரந்தோறும் அறநிலையங்களை அமைத்தது. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அப்பேரவையின் கணக்குப்படி, தப்பிப் பிழைத்த யூதர் ஏறத்தாழ 2,45,000 பேர் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில் வாழ்ந்தனர். அவர்களிற் பாதிப்பேர் 86 வயதைக் கடந்தவர்கள். குழந்தைப் பருவத்தில் அகப்பட்டவர்களே இவர்கள். சோபி அம்மையாரை ஒத்த வயதினருக்கு, எவரும் காலத்தே கைகொடாதவிடத்து, பிற்கால உதவி எதுவும் எட்டியிருக்கமாட்டாது.

இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறிய அதே 1956ஆம் ஆண்டில் அம்மையார் கொழும்பிற் காலமானார். அடைக்கலம் அளித்த ஏர்னஸ்ட் டி சில்வா அடுத்த ஆண்டு மறைந்தார். ஞானபொனிக்க தேரர் 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி கண்டியிலே பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை அன்பர் இருவரோடு நிறுவி, 1994ஆம் ஆண்டில் இலங்கை மண்ணிலேயே உயிர்நீத்தார்.