நாய்ங்க ஓடுது

போன லீவுக்கு ராஜபாளையம் போயிருந்தப்போ அக்கா பையன் இங்கிலீஷ் நோட்டைக் காட்டினான். ‘தி டாக்ஸ் ரன்ஸ்’ என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். “நாய் நிறைய இருக்குல்ல மாமா, அதான் ரெண்டு இடத்துலயும் எஸ் போட்டேன்” என்றான். அவன் கணக்கு நியாயம்தான். ஆனால் பெயரில் ஒட்டும் எஸ் வேறு, வினையில் ஒட்டும் எஸ் வேறு. பின்னது ‘கோயெத்’ மாதிரி வடிவங்களைத் தள்ளிவிட்டு வட இங்கிலாந்துப் பேச்சிலிருந்து வந்த ஒருமை விகுதி.

நம்ம பக்கம் என்ன நடந்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். அஃறிணைக்குக் ‘கள்’ போடலாம், போடாமலும் விடலாம் என்பது தொல்காப்பியர் காலத்து நிலை. நாய் வந்தது, நாய் வந்தன: எத்தனை நாய் என்பதை வினைதான் சொல்லும். இன்றைக்குப் பேச்சில் அது தலைகீழ். ‘நாய்ங்க ஓடுது’ என்கிறோம். பெயர் பன்மை காட்டுகிறது, வினை வாயை மூடிக்கொண்டது. ‘ஓடுகின்றன’ பரீட்சைப் பேப்பரில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதே ஊரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. தெலுங்கில் ‘குக்க வச்சிந்தி’, ‘குக்கலு வச்சாயி’ என்று வினை இன்னும் மாறுகிறது. ஒருமை பன்மைக் கேள்வியில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு படி சாதகம் இருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

“அப்ப ஒரே ஆளுக்கு ஏன் யூ ஆர்?” என்றான் பையன். சரியான கேள்வி. ‘யூ’ பன்மைச் சொல்தான். ஒருமைக்கு ‘தௌ’ இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே 1600-களில் ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து ஒதுங்கிவிட்டது. வினை மட்டும் பழைய பன்மையிலேயே நின்றுவிட்டது.

நம்ம ‘அவர்’ கதையும் இதேதான். முதலில் அது பலரைக் குறித்த சொல். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்தானே தவிர இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொல்கிறார். மரியாதை ‘அவர்’ஐ எடுத்துக்கொண்டதும் பலரைச் சொல்ல ஆள் இல்லை. அஃறிணையிலிருந்து ‘கள்’ளைக் கடன் வாங்கி ‘அவர்கள்’ ஆக்கினோம். இப்போது அதையும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஒருவருக்கே போடுகிறோம்!

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனோம். பெரியாழ்வார் பாடினார், ஆண்டாள் பாடினாள். அப்பாவுக்குப் பன்மை விகுதி, மகளுக்கு ஒருமை. அதே மகள் நாச்சியார் என்றால் உடனே ‘ஆர்’ வந்துவிடும். பையன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “கிளிங்க பறக்குதுன்னு சொன்னா தப்பா மாமா?”