ஏழு பேர் பஞ்சாயத்தும் ஒரு மெஷினும்

கிட்னி போச்சுன்னா டயாலிசிஸ்னு இன்னைக்கு சாதாரணமா சொல்லிடறோம். 1960-க்கு முன்னாடி நாள்பட்ட கிட்னி நோயாளிக்கு அந்த வழி கிடையாது. மெஷின் இருந்தது. ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ரத்தக்குழாயைக் கீறணும், சில தடவைக்கப்புறம் கீற இடமே இருக்காது. அமெரிக்காவில் சியாட்டில் நகர டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையிலேயே நிரந்தரமா இருக்கிற மாதிரி டெஃப்லான் குழாய் பொருத்தி 1960-ல் இதைத் தீர்த்தார்.

அங்கேதான் அடுத்த சிக்கல். 1962 ஜனவரியில் தொடங்கிய டயாலிசிஸ் மையத்தில் இடம் கொஞ்சம், கேட்டு வந்தவங்க ஏராளம். யாருக்குக் கொடுக்கறது? டாக்டர்கள் மட்டும் முடிவு பண்ண வேணாம்னு ஒரு கமிட்டி போட்டாங்க. வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், சர்ஜன்னு ஏழு பேர். பெயர் வெளியே தெரியாது. குழந்தைகளும் 45 வயசு தாண்டினவங்களும் முதல்லயே அவுட். மிச்சப் பேருக்கு சித்ரகுப்தன் கணக்குதான்: குடும்பம், வருமானம், படிப்பு, வேலை, சர்ச் ஈடுபாடு வரைக்கும்!

1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதினதும் பெரிய சர்ச்சை. 'கடவுள் கமிட்டி'ன்னு பேரே வந்துடுச்சு.

பொட்டி தட்டற எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். வயசு பத்தலைன்னு இடம் கிடைக்காத ஒரு பள்ளி மாணவிக்காக, வாஷிங்டன் பல்கலைக்கழக எஞ்சினியரிங் பேராசிரியர் லெஸ் பாப் குழு சில மாசத்துலயே வீட்டில் ஓட்டற டயாலிசிஸ் மெஷினைச் செஞ்சது. 1964-ல் அந்தப் பொண்ணுக்கு வீட்டிலேயே சிகிச்சை. மையத்தில் ஒரு படுக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனா வீட்டில் மெஷினைப் பார்த்துக்கற பாரம் குடும்பத்துக்கு வந்தது, அதையும் மறந்துடக் கூடாது.

1972-ல் சட்டம் போட்டு, 1973 ஜூலை முதல் மெடிகேர் மூலமா பெரும்பாலான நோயாளிகளோட டயாலிசிஸ் செலவை அரசே ஏத்துக்கிச்சு. கமிட்டிக்கு வேலையே இல்லாமப் போச்சு. ஆனா யோசனை சாகலை. 1976-ல் கேரன் குயின்லன் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் கருவியை நிறுத்தற மாதிரி முடிவுகளில் மருத்துவமனை நெறிமுறைக் குழுவைக் கலந்துக்கச் சொன்னது. அதுக்கப்புறம்தான் இந்தக் குழுக்கள் பரவலாச்சு.

அந்த ஏழு பேரும் கெட்டவங்கன்னு எனக்குத் தோணலை. 'யாருக்குக் கொடுக்கலாம்?'னு மட்டும்தான் அவங்ககிட்ட கேட்டாங்க. 'ஏன் பத்தலை?'ன்னு கேட்டது மெஷின் செஞ்சவங்களும் சட்டம் போட்டவங்களும். ஒரு நெறிமுறைக் குழு இந்த ரெண்டாவது கேள்வியையும் கேட்கணுமா, இல்ல அது அதோட வேலை இல்லையா? கேட்கணும்ங்கறதுதான் என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?