பதினைந்து நாள் நாற்காலி

லண்டனில் ஒரு கல்யாணம். அதனால் டெல்லியில் ஒரு தமிழருக்குப் பதவி. கேட்டால் கதை மாதிரி இருக்கும், ஆனால் சரித்திரம்.

1947 நவம்பர் 20-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இளவரசி எலிசபெத்துக்கும் பிலிப்புக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஆலிஸ், நம் கவர்னர் ஜெனரலாக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் அக்காள். தாய்மாமன் போகாமல் கல்யாணம் உண்டா? புறப்பட்டுவிட்டார்.

காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஹைதராபாத் இந்தியாவோடு இன்னும் சேரவில்லை. அந்த நிஜாம் மணமகளுக்கு வைர நெக்லஸ் பரிசளித்தார். காந்தியடிகளோ தாம் நூற்ற நூலில் நெய்த துணியைக் கொடுத்தனுப்பினார்.

இப்படிப்பட்ட வேளையில் டெல்லியை யார் பார்த்துக்கொள்வது? மேற்கு வங்க கவர்னராக இருந்த ராஜாஜியை அழைத்தார்கள். நவம்பர் 10 முதல் 24 வரை அவரே தற்காலிக கவர்னர் ஜெனரல். இந்தியாவில் அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி. படித்தது நம்ம பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். அல்சூர்க்காரர்களுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர்.

மவுண்ட்பேட்டன் திரும்பியதும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ராஜாஜி கல்கத்தாவுக்கே போனார். 1948 ஜூன் 21-இல் அதே நாற்காலி முறைப்படி அவரைத் தேடி வந்தது. கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்: முதலாளி வெளியூர் போகும்போது யாரை நம்பிச் சாவியைக் கொடுக்கிறாரோ, பின்னாளில் பொறுப்பும் அவர் கைக்குத்தான் போகும்.

பிள்ளைகளுக்கு 1948-ஐச் சொல்லும்போது, அந்த 1947 நவம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.