நல்மரணமும் நிறைவேறிய பணியும்: ஓரியூரிலிருந்து மும்பை வரை

2021 ஜூலை 5 அன்று மும்பை பாந்திராவிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 84 வயதுத் தமிழ்த் துறவி ஒருவர் இறந்தார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்து, 1957-இல் இயேசு சபையில் சேர்ந்த ஸ்டான் சுவாமி அவர். எல்கர் பரிஷத் வழக்கில் கைதாகி, தலோஜா சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தவர். தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருந்தார். வழக்கின் விசாரணை அப்போது தொடங்கியிருக்கவில்லை. அவரது பிணை மனுவை மும்பை உயர்நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்த வேளையிலேயே அவர் இறந்த செய்தி நீதிபதிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இவ்விறப்பைக் குறித்த நினைவஞ்சலிகள் பலவற்றில் இருவகைக் கூற்றுகள் உள்ளன. ஒன்று, அவர் சாவுக்கு அஞ்சாதவர், எதற்கும் ஆயத்தமாக இருந்தவர் என்பது. மற்றொன்று, அவர் இறுதிவரை பிணைக்காகப் போராடினார் என்பது. சாவுக்கு ஆயத்தமானவர் பிணைக்கு ஏன் மீண்டும் மீண்டும் மனுச் செய்ய வேண்டும்? முரண்போல் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண, கிறித்தவ மரபில் 'மரண ஆயத்தம்' என்னும் கருத்து வளர்ந்த வரலாற்றை நோக்க வேண்டும்.

பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியபின், குருவானவர் வந்து சேருமுன்பே இறப்போர் தொகை பெருகியது. பதினைந்தாம் நூற்றாண்டில் 'நன்றாக இறக்கும் கலை' என்னும் சிறுநூல்கள் இலத்தீனிலும் பிற மொழிகளிலும் பரவின. அவற்றின் கவனம் முழுதும் மரணப் படுக்கையின் மீதே இருந்தது. இறப்பவரைச் சூழும் சோதனைகள், அவற்றை வெல்லும் வழிகள், அருகிருப்போர் சொல்ல வேண்டிய மன்றாட்டுகள் ஆகியன அவற்றின் பொருள். அப்பார்வையில் ஆயத்தம் என்பது இறுதி நாழிகையின் செயல்.

பதினாறாம் நூற்றாண்டில் இப்பார்வை மாறியது. 1548-இல் அச்சான லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்னும் வினாவோடு தொடங்குகிறது. இறைவனைப் புகழ்ந்து, வணங்கி, அவருக்குப் பணிபுரிவதே படைப்பின் நோக்கம். அந்நோக்கத்திற்கு உதவும் அளவிலேயே மற்றவற்றைக் கொள்ளவோ விடவோ வேண்டும். எனவே நெடுவாழ்வையும் குறுவாழ்வையும் நாம் முன்கூட்டியே தரம் பிரிக்கலாகாது என்பது அந்நூலின் நிலைப்பாடு. அதே நூலின் பிற்பகுதியில் ஒரு பயிற்சி உண்டு. முக்கியமான முடிவொன்றை எடுக்கத் தயங்குபவர், தாம் மரணத் தறுவாயில் இருப்பதாக எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது எவ்வாறு முடிவெடுத்திருக்க வேண்டும் என்று விரும்புவாரோ, அவ்வாறே இப்போது முடிவெடுக்க வேண்டும். இதனால் மரணம் வாழ்வின் கடைசி நிகழ்வாக மட்டும் நில்லாமல், இன்றைய முடிவுகளை அளக்கும் அளவுகோலாகிறது. 1620-இல் இயேசு சபைக் கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் நன்மரணக் கலை பற்றித் தாமே ஒரு நூல் எழுதியபோது, நன்றாக இறக்க விரும்புபவர் நன்றாக வாழ வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்தார்.

தமிழகக் கத்தோலிக்கருக்கு இக்கருத்து புதிதன்று. நாள்தோறும் செபமாலையில் சொல்லப்படும் மரியன்னை மன்றாட்டின் இறுதிப் பகுதி, 'இப்பொழுது' என்பதையும் 'இறப்பின் வேளை' என்பதையும் ஒரே தொடரில் இணைக்கிறது. நல்மரணத்தின் பாதுகாவலராகப் போற்றப்படும் சூசையப்பரையே வீரமாமுனிவர் தம் 'தேம்பாவணி'யின் காப்பியத் தலைவராக்கினார். அவர் போரில் வீழ்ந்த வீரர் அல்லர். வேத சாட்சியாகக் கொல்லப்பட்டவரும் அல்லர். ஒப்படைக்கப்பட்ட குடும்பத்தைக் காத்து, தச்சுத் தொழில் செய்து, அப்பணி முடிந்தபின் இறந்தவராக மரபு அவரைக் காண்கிறது.

இஞ்ஞாசியார் சொன்ன அளவுகோல் தமிழ் மண்ணில் செயல்பட்டதற்கு அருளானந்தர் எனத் தமிழில் அறியப்படும் ஜான் தெ பிரிட்டோவின் வாழ்வு சான்று. லிஸ்பனில் 1647-இல் பிறந்த அவர், மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரசுவாமியாக உழைத்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, மரணத்தின் விளிம்புவரை சென்று விடுவிக்கப்பட்டார். பின்னர்ப் போர்த்துக்கல் சென்றபோது, இளமையில் அரண்மனையில் அவரோடு பழகிய அரசர் இரண்டாம் பேதுரு அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அவர் இணங்கவில்லை. மறவர் நாட்டில் தமக்கு நேரக்கூடியது எதுவென நன்கறிந்தே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். முந்தைய நாள் சிறையில், கரியை நீரில் குழைத்து, துரும்பை எழுதுகோலாக்கி, உடன் பணியாளர்களுக்கு மடல் எழுதினார். அம்மடலின் மகிழ்ச்சித் தொனியே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் அவரது ஆயத்தம் ஓரியூர்ச் சிறையில் பிறந்ததன்று. அரசரின் அழைப்பை மறுத்துக் கப்பலேறிய முடிவிலேயே அது முழுமை பெற்றிருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். சாவுக்கு ஆயத்தமாதல் வேறு. சாவை விரும்பித் தேடுதல் வேறு. தொடக்கத் திருச்சபையே இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்பின் மரணத்தை விவரிக்கும் பதிவு, தாமாகவே முன்வந்து பிடிபட்டுப் பின்னர் அஞ்சிப் பின்வாங்கிய ஒருவரையும் குறிப்பிட்டு, அவ்வாறு முன்வருதலைப் பாராட்டுவதற்கில்லை என்கிறது. பொலிக்கார்ப்போ முதலில் ஊரைவிட்டு விலகிச் சென்றவர். தேடி வந்து பிடித்தபோது மறுதலிக்காதவர். கெத்சமனியில் இயேசுவே அத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்குமாறு முதலில் வேண்டினார் என்பது நற்செய்திகளின் சாட்சியம். நீங்க வேண்டும் எனக் கேட்பது ஆயத்தமின்மை ஆகாது.

ஸ்டான் சுவாமியின் வாழ்வை இவ்வெளிச்சத்தில் காணலாம். 1970-இல் குருவாகி, 1975 முதல் 1986 வரை பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அவர், 1991 முதல் இன்றைய ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே வாழ்ந்தார். ராஞ்சியை அடுத்த நாம்குமில் 2006-இல் 'பகைச்சா' மையம் உருவாகக் காரணமானார். நிலம், காடு, கனிமம் ஆகியவற்றில் பழங்குடியினருக்குள்ள உரிமையே அவரது எழுத்துகளின் மையம். நக்சல்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களைப் பற்றிய ஆய்வும் அங்கிருந்து வெளிவந்தது. அவ்விசாரணைக் கைதிகளுக்காக அவர் உயர்நீதிமன்றத்தையும் நாடினார். 2020 அக்டோபர் 8 அன்று 83-ஆம் வயதில் அவர் கைதானார். அதற்கு முன் பதிவுசெய்த காணொளியில், தாம் வாய்மூடிப் பார்வையாளராக இருக்கவில்லை என்பதில் நிறைவு கொள்வதாகவும், அதற்குரிய விலையைக் கொடுக்க ஆயத்தம் என்றும் கூறினார்.

விசாரணைக் கைதிகளுக்காக வாதாடியவர் தாமே விசாரணைக் கைதியானார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத நிலையில், நீர் அருந்த உறிஞ்சுகுழல் கேட்டு 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் சிறையிலிருந்து அவர் எழுதிய மடல்களில் தம் நோயைவிட உடனிருந்த ஏழைக் கைதிகளின் நிலையே முதலிடம் பெற்றது. தங்கள்மீதுள்ள குற்றச்சாட்டு என்னவென்றே அறியாதவர்களாக, குற்றப்பத்திரிகையையே காணாதவர்களாக, சட்ட உதவியின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருக்கும் மனிதர்களைப் பற்றி எழுதினார். அதாவது வெளியில் செய்துவந்த அதே பணி உள்ளேயும் தொடர்ந்தது. இடம் மட்டுமே மாறியது. நோக்கம் நிறைவேறுதல் என்பது பணிகள் யாவும் முடிந்து கணக்குத் தீர்வதன்று. எந்நிலையிலும் அந்நோக்கத்தின் திசையைக் கைவிடாமையே ஆகும்.

2021 மே 21 அன்று சிறையிலிருந்து காணொளி வழியாக உயர்நீதிமன்றத்தின்முன் அவர் பேசியது இதன் உச்சம். சிறைக்கு வந்தபோது தாமே உண்ணவும், நடக்கவும், குளிக்கவும், சிறிது எழுதவும் முடிந்ததாகவும், அத்திறன்கள் ஒவ்வொன்றாக மறைந்துவருவதாகவும் கூறினார். அரசு ஜே.ஜே. மருத்துவமனையில் சேர்வதைக் காட்டிலும் சிறையிலேயே இறக்கலாம் என்றார். இடைக்காலப் பிணையை மட்டுமே கேட்டார். தம் மக்களோடு இருக்க விரும்பினார். பிணை கிடைக்கவில்லை. மே இறுதியில் பாந்திரா மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவாயிற்று. அங்கே கொரோனாத் தொற்றும் உறுதியானது.

அவர் கேட்டது சாவிலிருந்து தப்பும் வழியன்று. சாகும்வரை தம் பணியின் மக்களோடு இருக்கும் உரிமை. ஆகவே ஆயத்தத்திற்கும் பிணை மனுவுக்கும் முரண் இல்லை. இரண்டும் ஒரே நோக்கத்திலிருந்து பிறந்தவை.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்கு வரலாற்று எழுத்தியல் சார்ந்த காரணமும் உண்டு. சிறையில் நிகழும் சாவை இறந்தவரின் விருப்பமாகவே வாசித்துவிட்டால், அச்சாவு எவ்வாறு நேர்ந்தது என்னும் வினா மங்கிவிடும். துறவியின் அஞ்சாமை அவருக்குரியது. அவரது உடல்நிலையைப் பேணும் கடமை அவரைக் காவலில் வைத்த அமைப்புகளுக்குரியது. முன்னதைப் புகழ்ந்து பின்னதை மறப்பது பக்தியும் ஆகாது, வரலாறும் ஆகாது. ஓரியூரின் செம்மணலை நெற்றியில் இடும் நம்பிக்கையாளரும் கிழவன் சேதுபதி காலத்து அரசியலை ஆராயும் மாணவரும் ஒரே நிகழ்வையே நோக்குகின்றனர். இரு நோக்கும் தேவை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் ஒலிக்கும் மும்பையில் இறந்த ஸ்டான் சுவாமிக்கு, 2021 ஜூலை 6 அன்று பாந்திரா புனித பேதுரு ஆலயத்தில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கிடையே சிலர் மட்டும் கூடி இறுதித் திருப்பலி நிகழ்ந்தது. உடல் எரியூட்டப்பட்டது. சாம்பல் ராஞ்சிக்கு, அவர் திரும்ப விரும்பிய மக்களிடம் கொண்டுசெல்லப்பட்டது.