ஒரு சிற்றேரியின் சக்திக் கணக்கு

காட்டில் மான்கள் பல. அவற்றைத் தின்று வாழும் புலிகளோ மிகச் சில. வேட்டைக்காரர் அனைவரும் நெடுங்காலமாக அறிந்த செய்தி இது. ஆயினும், அது ஏன் அவ்வாறு என வினவி, எண்களைக் கொண்டு விடை காண முயன்றது இருபதாம் நூற்றாண்டில்தான்.

1927-ஆம் ஆண்டில் சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயர், உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல உயிர்களின் எண்ணிக்கை கோபுரம்போல் குறுகி வருவதைத் தம் நூலில் விளக்கினார். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி, உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒன்றாகவே கருதவேண்டும் என்று கூறி, 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை அச்சிலேற்றினார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் அதனைச் 'சூழல் மண்டலம்' என்று எழுதுகிறோம். பெயர் கிடைத்துவிட்டது, கணக்குத்தான் கிடைக்கவில்லை.

அக்கணக்கைப் போட்டவர் ஓர் இளைஞர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்றொரு சேற்றுநில ஏரி உண்டு. ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடிக்கொள்ளும். பல்கலைக்கழக மாணவராயிருந்த ரேமண்ட் லிண்டமன், தம் மனைவி எலனோரின் துணையுடன், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவ்வேரியை ஆராய்ந்தார். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், நீர்ப்பூண்டுகள், சேற்றுப் புழுக்கள், அவற்றை வேட்டையாடும் பூச்சிகள் என யாவற்றையும் சேகரித்து, எண்ணி, எடையிட்டார். பாசிக்கும் பூச்சிக்கும் பொதுவான அளவுகோல் வேண்டுமல்லவா? எல்லாவற்றையும் கலோரியாக மாற்றினார். இதுவே அவர் செய்த புதுமை.

அவ்வேரியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது ஓராண்டில் வந்து விழும் சூரிய சக்தி 1,18,872 கலோரி என்று அவர் கொண்டார். தாவரங்கள் அதில் பிடித்துக்கொண்டது 111 கலோரியே. அத்தாவரங்களை உண்ணும் பிராணிகளுக்குச் சேர்ந்தது சுமார் 15. அப்பிராணிகளை உண்பனவற்றுக்குச் சுமார் 3. எஞ்சியது எங்கே போயிற்று? உயிர்கள் சுவாசிப்பதிலும் இயங்குவதிலும் வெப்பமாய்க் கழிந்தது ஒரு பங்கு. உண்ணப்படாமலும் செரிக்கப்படாமலும் அடிச்சேற்றில் படிந்தது மற்றொரு பங்கு. சேற்றுக்குச் சென்ற உப்பும் சத்தும் பாக்டீரியாக்களின் வாயிலாக மீண்டும் தாவரத்தை அடையும். வெப்பமாய்ப் போன சக்தியோ திரும்புவதில்லை. பொருள் சுழல்கிறது, சக்தி ஒருவழியே ஓடுகிறது. புலிகள் சிலவாய் இருப்பதன் காரணமும் இங்கேதான் உள்ளது: மேற்படிக்குப் போய்ச் சேரும் சக்தி அவ்வளவே.

1941-இல் லிண்டமன் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹட்சின்சனிடம் சேர்ந்து, இக்கருத்தைக் கட்டுரையாக்கி 'ஈகாலஜி' என்னும் பத்திரிகைக்கு அனுப்பினார். மதிப்பிட்ட ஏரியியல் அறிஞர் இருவரும் வேண்டாம் என்றனர். போதிய சான்றின்றி ஊகம் மிகுந்துவிட்டது என்பது அவர்கள் கருத்து. ஆண்டுக்கணக்காக ஏரிகளை அளந்தவர்களின் தயக்கத்தை நாம் முற்றும் பழிப்பதற்கில்லை. ஆனால் அவ்விருவருள் ஒருவரான சான்சி ஜூடே, விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா ஏரியைப் பற்றித் திரட்டிய புள்ளிகளையே லிண்டமன் தம் கட்டுரையில் ஒப்பீட்டுக்கு எடுத்தாண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹட்சின்சன் பரிந்து எழுதினார். ஆசிரியர் தாமஸ் பார்க் முதலில் மறுத்தவர், திருத்திய கட்டுரையைப் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

லிண்டமன் அதனை அச்சில் காணவில்லை. கல்லீரல் நோய்வாய்ப்பட்டு, 1942 ஜூன் 29 அன்று, இருபத்தேழு வயது நிரம்புமுன் காலமானார். கட்டுரை அக்டோபரில், ஹட்சின்சனின் பின்குறிப்புடன் வெளிவந்தது.

நம் நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'பத்து சதவீத விதி' என்ற ஒன்றை அவர் பெயரால் கற்பிக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கே மேலே செல்லும் என்பர். மனனம் செய்ய எளிது. ஆனால் அவர் எழுதிய எண்கள் அவ்வளவு ஒழுங்கானவை அல்ல. சீடர் பாக் ஏரியில் தாவர உண்ணிகளுக்கு 13.3 சதவீதம், அவற்றை உண்பனவற்றுக்கு 22.3 சதவீதம், மெண்டோட்டாவில் முறையே 8.7, 5.5, அதற்கும் மேற்படியில் 13.