பந்தெறிபவரின் களைப்பு: ஒரு கணக்கின் வரலாறு

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் விளையாட்டுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலும் பாடசாலைப் போட்டிகளிலும் இடம்பெறும் எல்லே. மற்றையது, மென்பந்திலும் கடினப்பந்திலும் ஆடப்படும் துடுப்பாட்டமாகிய கிரிக்கெட். எல்லேயில் அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. பந்தைப் போட்டுக் கொடுப்பவர் வழக்கமாக அவருடைய அணியைச் சேர்ந்தவர் என்பதால், அடிப்பதற்கு வாய்ப்பான உயரத்தில் அதனை இடுவதே அவர் கடமை. அவரது கை களைத்தால் நட்டம் அவருடைய அணிக்கே, ஆகவே அந்தக் களைப்பை அளப்பதற்கான தேவை அந்த ஆட்டத்தில் எழவில்லை. துடுப்பாட்டத்திலோ பந்துவீச்சாளர் அடிப்பவரை வெளியேற்ற முயலும் எதிரி. அவர் முழு வலுவையும் செலவிட்டு வீசுவதால், அவர் எப்போது களைப்பார் என்பது இரு அணிகளுக்கும் முக்கியமாகிறது. எறிபவர் எதிரியாகும் ஆட்டங்களிலேயே களைப்பு ஒரு கணக்காகிறது என்னும் இந்த உண்மையை, அமெரிக்கப் பேஸ்போலின் வரலாறும் அதனைப் பின்பற்றி உருவான மேசை, கணினி விளையாட்டுகளின் வரலாறும் தெளிவாகக் காட்டுகின்றன.

பேஸ்போலும் தொடக்கத்தில் எல்லேயை ஒத்ததாகவே இருந்தது. நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் 1845 இல் வகுத்த விதிகளின்படி, பந்து கீழிருந்து மெல்ல இடப்பட வேண்டுமேயன்றி வீசி எறியப்படக் கூடாது. பின்னர் அடிப்பவர் தமக்கு உயரமான பந்து வேண்டுமா தாழ்வான பந்து வேண்டுமா என்று கேட்டுப்பெறும் உரிமையும் ஏற்பட்டு, 1887 இல் நீக்கப்படும் வரை நிலைத்தது. இதற்கிடையில் எறிபவர்கள் படிப்படியாகக் கையை உயர்த்தலாயினர். 1884 இல் தோளுக்கு மேலாக எறிவதை நெஷனல் லீக் அனுமதித்தது. அதே ஆண்டில் பிராவிடன்ஸ் அணியின் சார்ள்ஸ் ராட்போர்ன், ஒரே பருவத்தில் 73 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே எறிந்து, 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இன்னிங்ஸ் என்பது இரு அணிகளும் ஒவ்வொரு முறை அடித்தாடும் சுற்று; ஓர் ஆட்டத்தில் அத்தகைய சுற்றுகள் ஒன்பது உள்ளன. 1893 இல் எறியும் தூரம் 60 அடி 6 அங்குலமாக நீட்டப்பட்டபோது ஒவ்வோர் எறிக்கும் செலவாகும் வலு மேலும் கூடியது. ஒருவரை நாள்தோறும் எறியவிடும் பழக்கம் மெல்லக் குறைந்து, பல எறிபவர்கள் முறைவைத்து ஓய்வெடுத்து எறியும் ஏற்பாடு வேரூன்றியது. எனினும் எறிபவர் களைத்துவிட்டாரா என்பதைத் தீர்மானிப்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பயிற்றுநரின் கண்ணுக்கே விடப்பட்டிருந்தது.

கண்ணால் மதிப்பிட்டு வந்ததை எண்ணாக மாற்றும் கட்டாயம் முதலில் விளையாட்டு உருவாக்குநருக்கே நேர்ந்தது. ஒப்புருவாக்க விளையாட்டு என்பது, உண்மையான வீரர்களின் ஆட்டப் பதிவுகளை நிகழ்தகவுகளாக மாற்றி, பகடையாலோ கணினியாலோ புதிய ஆட்டங்களை நிகழ்த்திப் பார்க்கும் முறையாகும். பென்சில்வேனியாவில் 1951 இல் வெளிவந்த ஆப்பாவும், ஹால் ரிச்மன் 1961 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் இவ்வகையில் புகழ்பெற்றவை. பின்னையதில் மூன்று பகடைகள் உருட்டப்படும். முதற் பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் அடிப்பவரின் அட்டையும், நான்கு முதல் ஆறு வரை விழுந்தால் எறிபவரின் அட்டையும் பார்க்கப்படும். பகடைக்குக் களைப்பில்லை, ஆதலால் விதி எதுவும் இல்லாவிட்டால், ஆடுபவர் தம் அணியின் மிகச்சிறந்த எறிபவரையே ஒவ்வோர் ஆட்டத்திலும் இறுதிவரை நிறுத்திவிடுவார். இதனைத் தடுக்க எறிபவரின் அட்டையில் தாங்குதிறன் எண் ஒன்று பொறிக்கப்பட்டது. அந்த எண் குறிக்கும் இன்னிங்ஸை எட்டிய பின், அவர் விட்டுக்கொடுக்கும் அடிகளும், தவறான எறிகளால் அடிப்பவருக்குக் கிடைக்கும் இலவச நடைகளும் குறித்த அளவைத் தாண்டினால் அவர் களைத்தவராகக் கொள்ளப்படுவார். அதுவரை ஆட்டமிழப்பாகக் கருதப்பட்ட சில முடிவுகள் அதன்பின் எதிரணிக்குச் சாதகமான அடிகளாக மாறும்.

கணினியின் வருகை இந்தக் கணக்கை நுணுக்கமாக்கியது. ஐபிஎம் 1620 கணினியில் ஜோன் பேர்ஜஸன் பேஸ்போல் ஒப்புருவாக்கம் ஒன்றை எழுதி 1961 அளவிலேயே இயக்கினார். 1980களில் டொம் டிப்பெட் உருவாக்கிய டயமண்ட் மைண்ட், ஜேர்மனியரான மார்க்குஸ் ஹைன்சோன் 1999 இல் தொடங்கிய அவுட் ஒஃப் த பார்க் போன்ற நிரல்கள், இன்னிங்ஸை விட்டு எறிகளின் எண்ணிக்கையையே அடிப்படையாகக் கொண்டன. இத்தகைய நிரல்களின் இயக்கத்தை மூன்று படிகளாகப் பிரித்து விளங்கிக்கொள்ளலாம். முதலாவது செலவு: ஒவ்வொருவருக்கும் தாங்குதிறன் அளவொன்று வழங்கப்பட்டு, எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அது குறைக்கப்படும், குறைந்த பந்துகளில் ஆட்டமிழக்கச் செய்பவர் நீண்ட நேரம் நிற்பார், ஒரு சுற்றிலேயே நாற்பது பந்துகள் எறிய நேர்ந்தவர் விரைவில் ஓய்வார். இரண்டாவது விளைவு: அளவு வற்றும்போது வேகமும் குறிதவறாமையும் குறைக்கப்பட, எதிரணியின் அடிகளுக்கான நிகழ்தகவு உயரும். மூன்றாவது மீட்சி: அன்றைய களைப்பு அன்றோடு முடியாமல் அடுத்த நாட்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டு, ஓய்வு நாட்களுக்கேற்பச் சிறிது சிறிதாக நீக்கப்படும். நேற்றும் முன்தினமும் எறிந்தவர் இன்று களமிறங்கினால், முதற் பந்திலிருந்தே குறைபாட்டோடு தொடங்குவார்.

உண்மையான களத்தில் இத்தகைய கணக்கு நிலைபெறக் காயங்களே காரணமாயின. 1974 இல் மருத்துவர் பிராங்க் ஜோப், டொமி ஜோன் என்ற எறிபவரின் முழங்கையில் சிதைந்த தசைநார்க்குப் பதிலாக வேறொரு நாணைப் பொருத்திய அறுவைச் சிகிச்சை, எறியும் கைக்கு எல்லை உண்டு என்பதைப் பொதுமக்களும் அறியச் செய்தது. 1988 முதல் பெரும் லீக் ஆட்டங்களின் எறி எண்ணிக்கைகள் ஒழுங்காகப் பதிவாகின. 1998 இல் ரானி ஜசயர்லி, நூறு எறிகளைக் கடந்த உழைப்பை மதிப்பிடும் அளவுகோலொன்றை முன்வைத்தார். கீத் வூல்னரோடு சேர்ந்து 2001 இல் அது திருத்தப்பட்டபோது, நூறுக்கு மேற்பட்ட எறிகளின் எண்ணிக்கை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தப்பட்டது: 110 எறிகளுக்கு 1,000 புள்ளிகள், 120 எறிகளுக்கு 8,000, 130 எறிகளுக்கு 27,000. களைத்த கையால் எறியும் கடைசிப் பத்துப் பந்துகள், புத்துணர்வோடு எறிந்த முதற் பத்துப் பந்துகளுக்குச் சமமானவையல்ல என்ற கருத்தே இப்பெருக்கத்தின் பொருள். 2007 இல் அமெரிக்கச் சிறுவர் லீக், இன்னிங்ஸ் வரம்பைக் கைவிட்டு எறி எண்ணிக்கை வரம்பை ஏற்றது. ஜப்பானில், 1998 ஆம் ஆண்டின் கோஷியென் உயர்பாடசாலைப் போட்டியில் டைசுக்கே மட்சுசாக்கா 17 இன்னிங்ஸ் நீண்ட ஓர் ஆட்டத்தில் 250 பந்துகள் எறிந்தது நெடுங்காலம் வீரச்செயலாகவே போற்றப்பட்டது; அந்நாட்டு உயர்பாடசாலைப் பேஸ்போலிலும் 2020 இல் ஒரு வாரத்துக்கு 500 எறிகள் என்ற வரம்பு விதிக்கப்பட்டது.

துடுப்பாட்டத்தில் இக்கணக்கு வேறு வழியாக வந்தது. ஆறு பந்துகள் கொண்ட ஓவர் முடிந்ததும் மறுமுனையிலிருந்து வேறொருவர் வீச வேண்டும் என்ற விதியே பந்துவீச்சாளருக்குச் சிறு ஓய்வை அளிக்கிறது. ஒருநாள் ஆட்டத்தில் ஒருவருக்குப் பத்து ஓவர், இருபது ஓவர் ஆட்டத்தில் நான்கு ஓவர் என்ற உச்சவரம்புகள் ஆட்டத்தின் சமநிலையைக் காக்க எழுந்தவையே ஆயினும், உடலையும் ஓரளவு காக்கின்றன. இளையோருக்கென இங்கிலாந்துத் துடுப்பாட்டச் சபை வகுத்த வழிகாட்டலில், 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவருக்கும் ஒரு நாளில் 10 ஓவருக்கும் மேல் வீசலாகாது என்றும், 19 வயதுக்குட்பட்டவருக்கு இவ்வெல்லைகள் 7, 18 என்றும் நீண்டகாலம் வரையறுக்கப்பட்டிருந்தன. அவுஸ்திரேலியாவில் 2009 இல் வெளியான ஆய்வொன்று, ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாட்களில் காய ஆபத்து உயர்வதைக் கண்டறிந்தது. களைப்பின் விளைவு பல நாட்கள் தாமதித்தும் வெளிப்படும் என்பதையும், கணினி விளையாட்டுகளின் மூன்றாம் படியான மீட்சிக் கணக்கு உடலியலோடு ஒத்துப்போவதையும் இது காட்டுகிறது.

வன்னியில் 2009 இல் போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்தபின், பாடசாலை மைதானங்களில் கடினப்பந்து ஆட்டம் மீண்டும் தலையெடுத்தது. 2012 இல் தொடங்கிய முரளி நல்லிணக்கக் கிண்ணம், நாட்டின் பல பகுதிப் பாடசாலை அணிகளை வடக்கின் களங்களுக்கு அழைத்துவந்து இருபது ஓவர் ஆட்டங்களை நடத்தியதால், ஒருவருக்கு நான்கு ஓவர் என்னும் வரம்பும் அவற்றோடு வந்தது. கழகங்கள் நடத்தும் மென்பந்துப் போட்டிகளோ பெரும்பாலும் விலகல் முறையிலானவை, அதாவது தோற்ற அணி உடனே வெளியேறி வென்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்பவை. ஓவர்கள் குறைவாயினும் ஒரே நாளில் பல ஆட்டங்களை ஆட நேரும். அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வரம்பு உண்டு, ஆனால் காலை முதல் மாலை வரையிலான கூட்டுத்தொகைக்கு வரம்பில்லை. அவ்வாறே பாடசாலை அணியிலும் கழக அணியிலும் ஒரே வாரத்தில் ஆடும் இளைஞனின் மொத்த வீச்சை எந்த ஒரு விதியும் தொட்டுப் பார்ப்பதில்லை. வெற்றி நெருங்கும்போது சிறந்த பந்துவீச்சாளரிடமே பந்து மீண்டும் மீண்டும் கொடுக்கப்படுவது இயல்பு. விளையாட்டு உருவாக்குநர்கள் தாங்குதிறன் எண்ணைக் கண்டுபிடித்துத் தடுக்க முயன்றதும் இதே போக்கையே.

இந்தக் குறையை நீக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆட்டப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் வீசிய ஓவர்கள் ஏற்கனவே எழுதப்படுகின்றன. அவற்றைப் பந்துவீச்சாளர் வாரியாக, நாள்தோறும் வாரந்தோறும் கூட்டி, பயிற்சியின்போது வீசியவற்றையும் சேர்த்து ஒரு தனிப்பக்கத்தில் எழுதிவருவதே போதுமானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பாடசாலைகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் கழகச் செயலாளர்களும் அடுத்த பருவத்திலேயே இப்பக்கத்தைத் தொடங்க வேண்டும். பாடசாலையும் கழகமும் அதனை ஒன்றுக்கொன்று காட்டவும் வேண்டும்.